வாசிக்கப்படாத பியானோ: மௌன இசை கலையாகுமா?

2004 ஜனவரி 16 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி நடந்தது. பிபிசியின் ரேடியோ 3 அதை நேரடியாக ஒலிபரப்பியது. ஒலிபரப்பில் சத்தமே வராமல் போனால் ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, வேறு இசையைத் தானாகவே ஓடவிடும் அவசர ஏற்பாடு அந்த வானொலியில் உண்டு. அன்றைக்குப் பொறியாளர்கள் அதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4'33" நிகழ்ச்சி நிரலில் இருந்ததுதான் காரணம். இசை நடத்துநர் லாரன்ஸ் ஃபாஸ்டர் மேடையேறி வணக்கம் வைத்தார். முழு இசைக்குழுவும் கருவிகளோடு உட்கார்ந்து, நான்கு நிமிடம் முப்பத்துமூன்று வினாடி எதையும் வாசிக்காமல் இருந்தது.

அந்த இயந்திரத்துக்குப் பழுதுக்கும் படைப்புக்கும் வித்தியாசம் தெரியாது. மனிதர்களிலும் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் எழுபது ஆண்டுகளாக இந்த வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுப் பரிசோதனை இசை முழுவதன்மீதும் வீசப்படும் ஏளனம் கடைசியில் வந்து விழுவது இந்தப் படைப்பின் தலையில்தான். ரசிப்பவர்கள் இதைப் புதுமையின் உச்சம் என்கிறார்கள். மற்றவர்கள் படித்தவர்களை ஏமாற்றும் வித்தை என்கிறார்கள். இது இசையா என்பதையும் இது கலையா என்பதையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்புவதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை. இரண்டையும் பிரித்துக் கேட்டால் இரண்டு வேறு விடைகள் கிடைக்கும் என்பது என் கட்சி. அதற்கு முதலில், உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் படைப்பைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் ஊருக்கு அருகே, மரங்களுக்கு நடுவே, மேவரிக் என்ற கச்சேரிக் கொட்டகை இருக்கிறது. ஹார்வி வைட் என்ற எழுத்தாளர் உருவாக்கிய கலைஞர் குடியிருப்பில் 1916இல் மரத்தால் கட்டியது. பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். 1952 ஆகஸ்ட் 29 இரவு, கலைஞர்களுக்கான நல நிதிக்காக அங்கே டேவிட் டியூடர் பியானோ வாசித்தார். அந்தக் காலத்தில் புதிய இசையை அவரளவுக்குத் துல்லியமாக வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். பியர் பூலேஸின் முதல் பியானோ சொனாட்டாவும் அன்றைய நிரலில் இருந்தது. விரல் வித்தை இல்லாதவர் அதன் பக்கமே போக முடியாது. மார்ட்டன் ஃபெல்ட்மன், கிறிஸ்டியன் உல்ஃப், எர்ல் பிரவுன் ஆகியோரின் படைப்புகளும் இருந்தன. முதல்முறையாக அரங்கேறிய 4'33" கடைசிக்கு முந்தியது. முடிவாக ஹென்றி கவலின் 'தி பான்ஷி'. பியானோவின் கட்டைகளைத் தொடாமல், உள்ளே இருக்கும் கம்பிகளைக் கையால் உரசி அலறல் போன்ற ஓசையை எழுப்பும் படைப்பு அது.

டியூடர் வந்து உட்கார்ந்தார். எதிரே இசைத்தாளை வைத்தார். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, பியானோக் கட்டைகளின்மேல் மூடியை இறக்கினார். நிரலில் அச்சிட்ட கணக்குப்படி முதல் பகுதி 30 வினாடி. அது முடிந்ததும் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார், இரண்டாம் பகுதி 2 நிமிடம் 23 வினாடி. திறந்தார். மூன்றாம் முறை மூடினார். 1 நிமிடம் 40 வினாடி. தாளில் நேரம் ஓட ஓடப் பக்கத்தைத் திருப்பினார். முதல் பகுதியில் வெளியே காற்று கேட்டது, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி விழுந்தது, மூன்றாவதில் ஆட்கள் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள் என்று கேஜ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். அதற்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில் ஒருவர், இவர்களை ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்ற பொருளில் பேசியதாகப் பதிவு இருக்கிறது. வந்திருந்தவர்கள் நவீன இசை தெரியாத பாமரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பூலேஸைப் பொறுமையாகக் கேட்டு முடித்த கூட்டம்தான் இதற்குக் கொதித்தது. இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் நகரில் வாசிக்கப்பட்டபோது, மகன் இந்தத் தடவை எல்லை மீறிவிட்டான் என்று கேஜின் தாயாரே நினைத்தாராம்.

கேஜ் அந்த நேர அளவுகளை எப்படிப் பெற்றார் என்பது சுவாரசியமானது. கையால் செய்த சீட்டுக்கட்டு ஒன்றில் சின்னச் சின்னக் கால அளவுகளை எழுதி, கலைத்து, எடுத்து, ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே போனார். மற்றப் படைப்புகளில் சுரங்களைச் சேர்த்ததுபோல இதில் மௌனங்களைச் சேர்த்தார். கூட்டலில் எங்கேனும் பிழை விட்டிருக்கலாம் என்றும் அவரே பிறகு சொன்னார். மொத்தம் 273 வினாடி வருகிறது. அணுக்களின் அசைவு ஏறக்குறைய அடங்கிவிடும் வெப்பநிலை மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் என்பதால் இதில் மறைபொருள் தேடும் அன்பர்கள் உண்டு. சீட்டு குலுக்கிக் கிடைத்த எண்ணில் அவ்வளவு ஆழம் தேட வேண்டியதில்லை.

உட்ஸ்டாக்கில் டியூடர் வைத்திருந்த மூலப் பிரதி தொலைந்துவிட்டது. 1953இல் கேஜ் இன்னொரு பிரதி எழுதி, நண்பர் இர்வின் கிரெமனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். அதில் சுரமும் இல்லை, ஐந்து கோடுகளும் இல்லை. செங்குத்துக் கோடுகளும் வெற்று வெளியும்தான். ஒரு பக்கம் 7 அங்குலம், 7 அங்குலம் என்றால் 56 வினாடி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் அந்தப் பிரதியை வாங்கியது. பீட்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அச்சுப் பிரதி இன்னும் சிக்கனம்: மூன்று ரோமன் எண்கள், ஒவ்வொன்றின் கீழும், இந்தப் பகுதியில் வாசிக்க வேண்டாம் என்று வாத்தியக்காரருக்கு வழக்கமாகச் சொல்லும் ஒற்றை லத்தீன் சொல். எந்தக் கருவியிலும் வாசிக்கலாம், எவ்வளவு நேரமும் வாசிக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. அச்சுப் பிரதியில் பகுதிகளின் நேரமும் மாறியிருக்கிறது: 33 வினாடி, 2 நிமிடம் 40 வினாடி, 1 நிமிடம் 20 வினாடி. கூட்டினால் அதே 273.

ஒரு நாள் இரவில் தோன்றிய குறும்பு இது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1948இலேயே வாசர் கல்லூரியில் ஆற்றிய உரையில், இடையறாத மௌனமாக ஓர் இசைத்துண்டு எழுதி ம்யூசாக் நிறுவனத்துக்கு விற்கும் ஆசையைக் கேஜ் சொல்லியிருந்தார். 'மௌனப் பிரார்த்தனை' என்று பெயர்கூட வைத்திருந்தார். நீளம் மூன்று நிமிடம் அல்லது நாலரை நிமிடம். சந்தையில் விற்கும் பதிவு இசையின் வழக்கமான அளவு அதுதான். ம்யூசாக் என்பது அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கம்பிவழியே பின்னணி இசை விற்ற நிறுவனம். யார் கேட்டார்கள், யாருக்கு வேண்டாம் என்ற கேள்வியே அங்கே இல்லை.

அந்த ஆண்டுகளில் இப்படிக் கேட்காமலே காதில் திணிக்கப்படும் இசை அமெரிக்காவில் சட்டப் பிரச்சினையாகவும் வெடித்தது. தலைநகர் வாஷிங்டனின் டிராம்களிலும் பேருந்துகளிலும் ஒலிபெருக்கி மாட்டி, பாட்டும் விளம்பரமும் ஒலிபரப்பினார்கள். பயணிகள் இருவர் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1952 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் பயணிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் தனிமனித உரிமையைச் சொல்லி மாறுபட்டார். இன்னொரு நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர், அந்தச் சத்தத்தால் தானே பாதிக்கப்பட்டவர் என்பதால் நடுநிலை காக்க முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டார். இது நடந்து மூன்று மாதத்தில் உட்ஸ்டாக் கச்சேரி. ஒன்றின் விளைவு மற்றொன்று என்று முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ள வழியில்லாத ஊரில் ஒருவர் நாலரை நிமிடத்துக்குச் சத்தத்தை நிறுத்திக் காட்டினார் என்று சொன்னால், தனியார் பேருந்தில் தொலைதூரம் போய்ப் பழகிய நமக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது.

இன்னொரு ஊற்று இந்தியாவிலிருந்து வந்தது. 1946இல் அகமதாபாதிலிருந்து கீதா சாராபாய் நியூயார்க் வந்தார். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. மேற்கத்திய இசை இந்திய இசையை என்ன செய்யப்போகிறது என்ற கவலை அவருக்கு. எதிராளியை அறிந்துகொள்ளத்தான் வந்தார். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர் இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று அவருடைய குரு என்ன சொல்லியிருக்கிறார் என்று கேஜ் கேட்டார். மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்வீகம் இறங்குவதற்குத் தகுந்ததாக ஆக்குவதற்கு என்பது பதில். இசை என்பது இசையமைப்பவரின் உணர்ச்சியைச் சபையின் தலையில் இறக்குவது என்ற ஐரோப்பிய நம்பிக்கையில் ஏற்கெனவே சலித்துப்போயிருந்த கேஜுக்கு இது பெரிய விடுதலை. ஊர் திரும்புமுன் கீதா அவருக்கு ராமகிருஷ்ணரின் உபதேச நூலைப் பரிசளித்தார்.

அதே காலத்தில் கேஜ் ஆழ்ந்து படித்த இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர், வாழ்வின் பிற்பகுதியைப் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் கழித்தார். 1946 முதல் 1948 வரை கேஜ் எழுதிய 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்ற படைப்பு, குமாரசுவாமியின் எழுத்து வழியாக அவர் அறிந்த ரசக் கோட்பாட்டில் நிற்கிறது. எல்லாச் சுவைகளும் சாந்தத்தில் போய் அடங்குகின்றன என்பது அவர் பிடித்துக்கொண்ட கருத்து. கலை இயற்கையின் தோற்றத்தைப் பிரதியெடுப்பதில்லை, இயற்கை செயல்படும் விதத்தைத்தான் பின்பற்றுகிறது என்ற வாசகத்தையும் குமாரசுவாமியிடமிருந்தே எடுத்தார். வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குமாரசுவாமி மரபின் பக்கம் நின்றவர். நவீனக் கலை என்ற பெயரில் நடந்த பலவற்றை நோயாகவே கருதியவர். 1947இல் இறந்துபோன அவர் 1952 உட்ஸ்டாக்கில் இருந்திருந்தால் கேஜைத் தன் மாணவராக ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சீடர்கள் குருவின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவது புதிதல்ல. மறுபக்கம், வாசிக்காமல் வாசித்த அதே டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரை நிறுவி மின்னணு இசைக்கூடம் அமைத்துக்கொடுத்தார். அதற்கும் வழி செய்தவர் கீதா சாராபாய்தான்.

மிச்ச ஊற்றுகள் இரண்டும் எல்லோரும் சொல்லும் கதைகள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951இல் ராபர்ட் ராஷன்பெர்க் எதுவும் வரையாத வெள்ளைத் திரைகளை ஓவியம் என்று வைத்தார். அவை தனக்குத் துணிச்சல் கொடுத்ததாகக் கேஜ் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், சுவர்களே ஒலியை விழுங்கிவிடும் அறைக்குள் போனபோது இரண்டு சத்தங்கள் கேட்டனவாம். கீச்சென்றது நரம்பு மண்டலம், கனமானது ரத்த ஓட்டம் என்று பொறியாளர் விளக்கினார். நரம்பு இயங்குவது காதுக்குக் கேட்காது. அது காதுக்குள் எழும் ரீங்காரமாகத்தான் இருந்திருக்கும். விளக்கம் பிசகினாலும் முடிவு பிசகவில்லை: உயிரோடு இருக்கும்வரை முழு மௌனம் யாருக்கும் கிடைக்காது.

இனி வழக்குக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவான வாதம், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது. செய்திருக்கிறார்கள், கேஜுக்கு முன்பேயும் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அல்லே 1897இல், செவிடாகிப்போன பெரிய மனிதர் ஒருவரின் இறுதி ஊர்வலத்துக்கு என்று வெறும் காலிக் கோடுகளை அச்சிட்டார். ஏப்ரல் முட்டாள்தின ஆல்பத்தில் வந்த ஜோக் அது. பிராகாவில் பிறந்த எர்வின் ஷுல்ஹோஃப் 1919இல் எழுதிய ஐந்து பியானோத் துண்டுகளில் நடுவில் உள்ளது முழுக்க ஓய்வுக்குறிகளால் ஆனது. சிக்கலான தாளக் கணக்கில் குறிகளை அடுக்கி, நடுவே முகம் காட்டும் கேலிப் படங்களையும் போட்டிருந்தார். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்து திரும்பியவரின் கசப்பு அதில் தெரியும். இவ் க்ளைன் 1960இல் பாரிஸ் கலைக்கூடம் ஒன்றில், ஒரே சுரக்கூட்டை இருபது நிமிடம் ஒலிக்கவைத்து, பின் இருபது நிமிடம் மௌனமாக இருக்கச் செய்தார்.

நம் காலத்துக்கு வந்தால் வேடிக்கை கூடுகிறது. 2014இல் வல்ஃப்பெக் என்ற அமெரிக்கக் குழு, அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பத்து மௌனத் தடங்களை 'ஸ்லீப்பிஃபை' என்ற பெயரில் ஸ்பாட்டிஃபையில் ஏற்றியது. ஒரு பாட்டு முப்பது வினாடி ஓடினால்தான் காசு. ரசிகர்கள் தூங்கும்போது இதை ஓடவிட்டார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் டாலர் சேர்ந்தபின் ஸ்பாட்டிஃபை அதை நீக்கியது. 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து, ஆளற்ற ஒலிப்பதிவுக் கூடங்களின் ஓசையை மட்டும் பதிவுசெய்து ஓர் ஆல்பமாக வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குச் சாதகமாகப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்தும் அரசின் திட்டத்துக்கு எதிர்ப்பு அது. பன்னிரண்டு தடங்களின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் அரசுக்கு விடுத்த கோரிக்கை வாக்கியம் வரும்.

காதுக்கு இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று ஜோக், ஒன்று கசப்பு, ஒன்று காசு பார்க்கும் தந்திரம், ஒன்று அரசியல் மனு. காதில் விழுவதை மட்டும் வைத்து எது கலை என்று பிரிக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் கலையுலகம் எதைக் கலை என்று ஏற்றுக்கொள்கிறதோ அதுவே கலை என்று முடித்துவிடலாமா? கலைஞர் டூஷாம்ப் 1917இல் சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பியதற்குப் பிறகு மெய்யியலாளர்கள் பலர் இந்தத் திசையில்தான் நடந்தார்கள். ஜார்ஜ் டிக்கி இதைக் கோட்பாடாகவே வகுத்தார். எனக்கு இது போதாது. யார் பட்டம் கொடுத்தார்கள் என்பதை இந்தக் கோட்பாடு சொல்கிறது. பட்டத்துக்குத் தகுதி என்ன என்று கேட்டால் பதில் வருவதில்லை.

நான் வைக்கும் சோதனை எளிமையானது. ஒரு காரியத்தை மோசமாகச் செய்ய முடியுமா, நன்றாகச் செய்ய முடியுமா, அந்த வேறுபாடு அனுபவிப்பவருக்கு உறைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே கலைக்கான இடம் இருக்கிறது. பழுதான வானொலியின் மௌனத்தை யாராலும் மோசமாகச் செய்ய முடியாது. 'ஸ்லீப்பிஃபை'யை நன்றாகக் கேட்பது, மோசமாகக் கேட்பது என்று எதுவும் இல்லை. கேட்காமலிருந்தால்தான் அதற்கு லாபம். 4'33" அப்படி அல்ல. 2004 பார்பிகன் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். முதல் பகுதி முடிந்ததும் நடத்துநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார், அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு படைப்பு பாதி செத்தது. சபையின் கவனம் தன் காதிலிருந்து நடத்துநரின் முகத்துக்குத் தாவிவிட்டது. ஒரு பெரிய மனிதர் செய்யும் குறும்பை ரசிக்கும் கூட்டமாக அது மாறியது. டியூடர் அதைச் செய்யவில்லை. பூலேஸுக்குக் காட்டிய அதே முகத்தை இதற்கும் காட்டினார், பக்கம் திருப்பினார், கடிகாரம் பார்த்தார். புருவம் ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் ஜோக் ஆகியிருக்கும். அல்லேயின் காலித்தாளுக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தப் புருவத்தில்தான் இருக்கிறது. இது திறமை, பழக்கத்தால் வருவது, எல்லோருக்கும் கைகூடாதது.

படைப்பிலும் வேலை இருக்கிறது. மூன்று பகுதியாக வெட்டியது சும்மா இல்லை. 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரூய் ஷெ கோ, இயன் பிலிப்ஸ், சாஸ் ஃபயர்ஸ்டோன் மூவரும் ஆயிரம் பேரை வைத்து மௌனத்தைப் பற்றிச் சோதனைகள் நடத்தினார்கள். உணவகம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் இரைச்சலை ஓடவிட்டு, நடுவே நிறுத்தினார்கள். இடையில் அறுபடாத ஒரே மௌனம், அதே மொத்த நேரத்துக்கு இரண்டாக வெட்டிய மௌனத்தைவிட நீளமாகப் பட்டது. ஒலிகளை வைத்துச் செய்தால் ஏற்படும் அதே மயக்கம்தான் இதுவும். மௌனத்தை நாம் ஊகிப்பதோடு நிற்பதில்லை, ஒலியைக் கேட்பதுபோலவே கேட்கிறோம் என்பது அவர்கள் முடிவு. ஆகவே மௌனத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு நீளம் விடுவது, எந்தச் சத்தத்துக்கு முன்னும் பின்னும் வைப்பது என்பதெல்லாம் கேட்பவருக்குள் மாற்றம் உண்டாக்கும் தேர்வுகள். 'தி பான்ஷி'யின் அலறலுக்கு முன்னே 4'33" வைத்தவருக்கு இது சோதனைக்கூடம் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஆகவே இது கலை. இசையா என்றால், இல்லை என்பேன். இங்கேதான் கேஜோடு எனக்கு வழக்கு. காற்றும் மழையும் முணுமுணுப்பும்தான் அந்தப் படைப்பின் இசை, எல்லாச் சத்தமும் இசையே என்பது அவர் வாதம். என் சோதனையை இதற்கும் வைத்துப் பாருங்கள். அன்றைய மழை மோசமாகப் பெய்திருக்க முடியுமா? இருமல் அபசுரமாக இருந்திருக்க முடியுமா? எந்தச் சத்தம் வந்தாலும் சரி என்றால், அந்தச் சத்தங்களில் செய்நேர்த்திக்கு இடமில்லை. தவறக்கூடியது டியூடரின் நடத்தை மட்டும்தான். நடத்தையில் இருக்கும் கலைக்கு நாடகம் என்று பெயர். மெய்யியலாளர் ஸ்டீஃபன் டேவிஸ் 1997இல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்: இது இசை நிகழ்த்துதலைப் பற்றிய ஓர் அரங்கக் கலைப்படைப்பு என்றார். ஆண்ட்ரூ கானியாவும் 2010இல் இதை இசையாக ஏற்கவில்லை. இது இசையும் இல்லை, மௌனமும் இல்லை என்றார். கேஜ் அதே கோடையில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நடனம், கவிதை, பியானோ, பேச்சு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்ட அரங்க நிகழ்வு ஒன்றை நடத்தினார். கூரையிலிருந்து ராஷன்பெர்க்கின் வெள்ளைத் திரைகள் தொங்கின. அவர் கால் நாடகத்தின் பக்கம் நடந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் இசை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு திசையிலிருந்து வந்த விமர்சனம் கனமானது. கேஜின் மௌனம் எல்லா ஒலிக்கும் கதவைத் திறப்பதுபோலக் காட்டிக்கொண்டே, சமூகத்தின் குரலை, அரசியலை, கோபத்தை வெறும் ஓசையாக்கி அடக்கிவிடுகிறது என்று டக்ளஸ் கான் 1990களில் எழுதினார். இதில் உண்மை இருக்கிறது. அன்றைக்கு எழுந்துபோனவர்களின் கோபத்தையும் கேஜ் மழையோடு சேர்த்து ஒலியாகக் கணக்கெழுதிவிட்டார். எதிர்ப்பவரையும் படைப்பின் ஒரு பகுதியாக விழுங்கிவிடும் படைப்போடு சண்டை போடுவது கடினம்; அது நியாயமான ஆட்டமும் இல்லை. 2025இன் எதிர்ப்பு ஆல்பம் இதற்கு நேர்மாறானது. எதற்கு மௌனம், யாருக்கு எதிராக என்று அது பெயர் சொல்லிப் பேசியது. கலையாக அது கேஜுக்கு அருகே வராது. நேர்மையில் ஒரு படி மேலே நிற்கிறது.

கேஜின் வெற்றி பிறருக்கு உரிமச் சீட்டு ஆகிவிட்டதுதான் பெரிய சங்கடம். அந்தச் சீட்டில் நடப்பவை எல்லாம் ஒரே தரமல்ல. அவருடைய 'ஆர்கன் ஸ்குவேர்' என்ற படைப்பை இயன்றவரை மெதுவாக வாசிக்க வேண்டும் என்பது குறிப்பு. ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் நகரிலுள்ள புனித புர்கார்டி தேவாலயத்தில் அதை 639 ஆண்டு வாசிக்கிறார்கள். 2001 செப்டம்பர் 5 அன்று ஓய்வுக்குறியோடு தொடங்கியதால், 2003 பிப்ரவரி வரை காற்றுத் துருத்தியின் மூச்சு தவிர எதுவும் கேட்கவில்லை. 2640இல் முடிய வேண்டும். கட்டைகளைச் சின்ன மணல்மூட்டைகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன; சுரம் மாறும் நாளில் உலகமெங்கும் இருந்து ஆட்கள் கூடுகிறார்கள். பல தலைமுறைக்கு வாக்குக் கொடுத்து ஓர் ஊர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதால் இதற்கு நான் தொப்பியைக் கழற்றுவேன். 2010 கிறிஸ்துமஸுக்கு லண்டனில் பிரபலங்கள் கூடி 4'33"-ஐப் பதிவுசெய்து பாட்டுப் பட்டியலில் 21ஆம் இடம் பிடித்ததற்குக் கழற்ற மாட்டேன். நல்ல காரியத்துக்கு நிதி சேர்ந்தது, அதோடு சரி.

4'33" கலை, இசையல்ல என்பதே என் தீர்ப்பு. அதன்பின் வந்த மௌனத் துண்டுகளில் பெரும்பாலானவை இரண்டும் இல்லை. கடைசியாக வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இதை யூடியூபில் பார்த்துவிட்டுக் கலையா இல்லையா என்று சொல்லாதீர்கள். அங்கே கேட்பது எப்போதோ, எங்கோ இருந்த அரங்கத்தின் இருமல். உங்கள் அறையின் ஓசையை மறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நல்ல வாத்தியக்காரர் ஒருவர், வேறு படைப்புகளையும் முறையாக வாசிக்கும் கச்சேரியில், சிரிக்காமல் இதை வாசிக்கும் வாய்ப்பு வந்தால் போய் உட்காருங்கள். கைப்பேசியை அணைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.